தனியார் பல்கலையில பி.பி.எட்: கட்டடத்தை விடுங்க, கிரவுண்டை பாருங்க

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். நான் ஸ்கூல்ல பி.டி. சார், அதனால சொந்தக்காரங்க, தெருக்காரங்க, பழைய ஸ்டூடன்ட்டோட அப்பா அம்மான்னு எல்லாருக்கும் நான்தான் இலவச கவுன்சிலிங். இந்த வருஷம் முதல் போன் எங்க தெரு அக்கா ஒருத்தங்க. "தம்பி, பையன் வாலிபால் நல்லா ஆடுவான்னு உனக்கே தெரியும், படிப்புதான் மண்டையில ஏறல, பேசாம பி.டி. படிப்புல சேத்து விட்டுடலாமா, இங்க பைபாஸ்ல இருக்க தனியார் யுனிவர்சிட்டில பி.பி.எட் இருக்காமே, விடாம போன் பண்ணி கூப்புடுறாங்க." நான் சொன்னேன், அக்கா, பிளஸ் டூ முடிச்ச பையனுக்கு நேரா பி.பி.எட் கெடையாது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அவங்களை குத்தம் சொல்ல முடியாது. பேரெல்லாம் அப்படி குழப்பமா இருக்கு. பிளஸ் டூ முடிச்சவுடனே சேர்றது மூணு வருஷ டிகிரி, சில இடத்துல அதுக்கு பி.பி.இ.எஸ்.னு பேரு, நம்ம ஊர் ஆர்ட்ஸ் காலேஜ்கள்ல பி.எஸ்சி. உடற்கல்வி, சுகாதாரக் கல்வி மற்றும் விளையாட்டுன்னு நீளமா ஒரு பேரு இருக்கும். இது முடிச்சா நீங்க ஒரு டிகிரி ஹோல்டர், அவ்ளோதான், இன்னும் டீச்சர் ஆகல. அதுக்கு மேல ரெண்டு வருஷம் பி.பி.எட் படிக்கணும், அதுதான் பள்ளிக்கூடத்துல உடற்கல்வி ஆசிரியர் ஆகுறதுக்கான படிப்பு. அதுக்கு மேல எம்.பி.எட் ரெண்டு வருஷம். நடுவுல டி.பி.எட்னு பிளஸ் டூவுக்கு அப்புறம் ரெண்டு வருஷ டிப்ளமோ ஒண்ணும் இருக்கு, அது சின்ன வகுப்புகளுக்கு சொல்லித்தர்றதுக்கு. ஆக நம்ம வாலிபால் பையன் முழுசா பி.டி. சார் ஆகணும்னா அஞ்சு வருஷம். இதை அட்மிஷன் ஆபீஸ்ல இருந்து போன் பண்றவங்க சொல்ல மாட்டாங்க, "சார் எங்ககிட்ட பிசிகல் எஜுகேஷன் கோர்ஸ் இருக்கு" அப்படின்னு பொதுவா சொல்லிட்டு போயிடுவாங்க, நீங்களா கேட்டாதான் எந்த டிகிரின்னு தெரிய வரும்.

எல்லா குழப்பத்துக்கும் அடியில ஒரே விஷயம்தான் இருக்கு. இது விளையாட்டு வீரனை உருவாக்குற படிப்பு இல்ல, வாத்தியாரை உருவாக்குற படிப்பு. பி.எட் மாதிரிதான் இதுவும். அதனாலதான் இதுக்கு அனுமதி குடுக்குறது விளையாட்டு அமைச்சகம் இல்ல, என்.சி.டி.இ., அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 1993ல வந்த சட்டத்துல உருவானது. 2014ல அவங்க கொண்டு வந்த விதிமுறைலதான் அதுவரைக்கும் ஒரு வருஷமா இருந்த பி.பி.எட் ரெண்டு வருஷம் ஆச்சு, பி.எட்டும் அப்பதான் ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்கு முன்னாடி படிச்ச சீனியர்ஸ் எல்லாம் ஒரே வருஷத்துல ஓடி வந்துட்டாங்க, எங்க செட்டுக்கு ஃபீஸும் ஹாஸ்டலும் ரெண்டு மடங்கு ஆச்சுன்னு அன்னைக்கு கடுப்பா இருந்துச்சு, இப்ப யோசிச்சா அந்த ஒரு வருஷத்துல எப்படி இவ்ளோத்தையும் படிச்சாங்கன்னுதான் ஆச்சரியம்.

யார் சேரலாம்ங்கிறதுலயும் இந்த வாத்தியார் விஷயம் தெரியும். ஏதாவது ஒரு டிகிரில 50 சதவீதம் வாங்கி, காலேஜ் லெவல்லயோ மாவட்ட அளவுலயோ பள்ளி அளவுலயோ அங்கீகாரம் உள்ள போட்டில கலந்துகிட்டிருந்தா போதும். உடற்கல்வியிலயே டிகிரி முடிச்சிருந்தா 45 சதவீதம். நேஷனல், ஸ்டேட், இன்டர் யுனிவர்சிட்டி ஆடினவங்களுக்கும் 45 போதும். இந்தியாவுக்காக இன்டர்நேஷனல் ஆடியிருந்தா டிகிரி பாஸ் பண்ணியிருந்தாலே போதும். கவனிச்சு பாருங்க, மெடல் வாங்கியிருக்கணும்னு அவசியமே இல்ல, கலந்துகிட்டிருக்கணும், ஏன்னா கிரவுண்டுல வேர்த்தவனுக்குத்தான் அடுத்தவனுக்கு சொல்லித்தர வரும்ங்கிற கணக்கு. பி.காம் முடிச்சவன், தமிழ் இலக்கியம் முடிச்சவன் எல்லாம் எங்க பேட்ச்ல இருந்தான். ஆடுனவங்கள்ல பாதி பேருக்கு மேல ஸ்டேட் லெவலைக் கூட பாத்ததில்ல.

அடுத்து இந்த "தனியார் பல்கலை"ங்கிற வார்த்தை. தமிழ்நாட்டுல நாம அப்படி சொல்றது பெரும்பாலும் நிகர்நிலைப் பல்கலையை, டீம்டுன்னு சொல்றோமே அது, மத்திய அரசு யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு சட்டத்தோட 3வது பிரிவுல குடுக்குற அந்தஸ்து. 2017 நவம்பர்ல யு.ஜி.சி. இவங்க யாரும் பேர்ல யுனிவர்சிட்டின்னு போடக்கூடாதுன்னு சொன்ன பிறகுதான் எஸ்.ஆர்.எம். யுனிவர்சிட்டிங்கிறது எஸ்.ஆர்.எம். இன்ஸ்டிடியூட் ஆச்சு, ஆனா ஊர்ல யாரும் மாத்திக்கல. மாநில சட்டமன்றத்துல தனி சட்டம் போட்டு வர்ற நிஜமான தனியார் பல்கலை வட இந்தியாவுல ஏராளம், இங்க ஷிவ் நாடார், சாய்னு 2018ல சட்டம் போட்டு வந்ததுல இருந்துதான் ஆரம்பம். மூணாவது ஒண்ணு இருக்கு, அது யுனிவர்சிட்டியே இல்ல, தனியார் நடத்துற உடற்கல்வியியல் கல்லூரி. இது மேலக்கோட்டையூர்ல இருக்க தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு கீழ வரும், அது 2005ல இருந்து செயல்படுற அரசு பல்கலை, ஒரு மாநில அரசு விளையாட்டுக்குன்னே தனியா ஆரம்பிச்ச பல்கலைன்னு பாத்தா நாட்டுலயே முதல்ல வந்தது.

இதுல என்ன வித்தியாசம்னா, இணைப்புக் கல்லூரியில படிச்சா சிலபஸ், கேள்வித்தாள், பட்டம் எல்லாமே மேலக்கோட்டையூர்ல இருந்து வரும், உங்க வாத்தியார் உங்களுக்கு மார்க் போட்டாலும் வெளியில இருந்து ஒருத்தர் வந்து பாப்பாரு. டீம்டுல சிலபஸ் போடுறது, கேள்வி கேக்குறது, திருத்துறது, பட்டம் குடுக்குறது எல்லாம் அவங்களே. நல்ல கையில இருந்தா இது ரொம்ப நல்லது. உதாரணத்துக்கு ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தா நிறுவனம், 2005ல டீம்டு ஆனது, அவங்களோட கோயம்புத்தூர் பெரியநாயக்கன்பாளையம் வளாகத்துல பொது உடற்கல்வியோட மாற்றுத்திறனாளி குழந்தைங்களுக்கு எப்படி விளையாட்டு சொல்லித்தர்றதுங்கிறதையும் சேத்து ஒரு புலம் வெச்சிருக்காங்க. வீல்சேர்ல இருக்க பையனை பி.டி. பீரியட்ல மரத்தடியில உக்கார வெச்சிட்டு ஸ்கோர் எழுத சொல்ற வழக்கம் நம்ம ஸ்கூல்கள்ல இன்னும் இருக்கு, அதை மாத்துறதுக்கு ஒரு பாடமே வேணும்னு யோசிக்கிற சுதந்திரம் இந்த அமைப்புலதான் சுலபமா கிடைக்குது. கை சரியில்லன்னா அதே சுதந்திரம் எங்க போய் முடியும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, கிரவுண்டு பக்கமே வராதவனுக்கு பிராக்டிகல்ல தொண்ணூறு.

தனியார்னாலே கேவலமா பேசுறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். இந்தியாவுல இந்தப் படிப்பு ஆரம்பிச்சதே தனியார்லதான். 1920ல மெட்ராஸ்ல ஹாரி குரோ பக்ங்கிற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பா ஆரம்பிச்ச காலேஜ்தான் எல்லாத்துக்கும் தாய், இன்னைக்கு நந்தனத்துல இருக்கே அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய டீமோட மேனேஜரா போனவரும் அதே பக்தான். மத்திய அரசாங்கம் லக்ஷ்மிபாய் பேர்ல குவாலியர்ல காலேஜ் ஆரம்பிச்சது 1957ல, அதாவது 37 வருஷம் கழிச்சு. நந்தனத்துல இருந்து படிச்சு போன வாத்தியார்கள்தான் ஊர் ஊரா ஹைஸ்கூல்கள்ல விசிலோட நின்னாங்க, எங்க தாத்தா காலத்து டிரில் மாஸ்டர் எல்லாம் அந்த வழி வந்தவங்க.

இப்ப இந்த பல்கலைகள் கப்பு வாங்குன பசங்க படத்தோட ரோட்டோரம் வெக்கிற ஹோர்டிங் விஷயத்துக்கு வருவோம். கடந்த பத்து வருஷத்துல தனியார் பல்கலைகள் விளையாட்டுல நிஜமாவே பணத்தை இறக்கியிருக்காங்க, இதை மறுக்க முடியாது. 2020ல முதல் கேலோ இந்தியா யுனிவர்சிட்டி கேம்ஸ் நடந்தது புவனேஸ்வர்ல கே.ஐ.ஐ.டி.ங்கிற டீம்டு வளாகத்துல, ஓட்டக்காரி டூட்டி சந்த் அங்க படிச்சவங்க. நீரஜ் சோப்ரா பஞ்சாப்ல எல்.பி.யு.ங்கிற லவ்லி புரொபஷனல் யுனிவர்சிட்டில படிச்சவர். பல்கலைகளுக்கான மௌலானா அபுல் கலாம் ஆசாத் டிராஃபி 1956ல இருந்து இருக்கு, காலங்காலமா பஞ்சாப் பக்கத்து அரசு பல்கலைகளோட சொத்து மாதிரி இருந்துச்சு, 2024 விருதுல அதை தூக்கினது சண்டிகர் யுனிவர்சிட்டிங்கிற தனியார், ரெண்டாவது இடமும் எல்.பி.யு.ன்னு இன்னொரு தனியார். நம்ம ஊர் டீம்டுகளும் இன்டர் யுனிவர்சிட்டில வாலிபால், கூடைப்பந்து, கபடின்னு நல்ல பசங்களை ஃபீஸ் இல்லாம, சாப்பாடு ஹாஸ்டல் இலவசமா குடுத்து தூக்கிட்டு போறாங்க.

ஆனா அந்த பசங்க பெரும்பாலும் உடற்கல்வித் துறையில இருக்க மாட்டாங்க. பி.பி.ஏ., பி.ஏ. இங்கிலீஷ், பி.காம்னு எதுலயாவது பேர் இருக்கும், காலைலயும் சாயங்காலமும் டீமோட பிராக்டிஸ். ஹோர்டிங்ல கப்போட நிக்கிறவன் ஒரு டிபார்ட்மென்ட், உங்க பையன் ஃபீஸ் கட்டி சேரப்போற பி.பி.எட் வேற டிபார்ட்மென்ட். ஸ்போர்ட்ஸ் டைரக்டரேட்னு தனியா ஒண்ணு இருக்கும், கோச்சுங்க எல்லாம் அதுக்கு கீழ. அதே சின்தெடிக் டிராக், அதே இன்டோர் ஸ்டேடியம்தான், ஆனா சாயங்காலம் நாலு மணிக்கு அது யுனிவர்சிட்டி டீமுக்கு, பி.பி.எட் பசங்களுக்கு பின்னாடி இருக்க கல்லு கிரவுண்டு. நான் படிச்ச இடத்துல வெளி ஆளுங்க கிரிக்கெட் டோர்னமென்டுக்கு கிரவுண்டை வாடகைக்கு விட்டு, சனிக்கிழமை பிராக்டிகலை பார்க்கிங் லாட்ல நடத்துனாங்க. இடத்தோட பேர் வேணாம், அதுக்கப்புறம் திருந்தியிருக்கலாம். அதனாலதான் சொல்றேன், கேம்பஸ் பாக்க போனா ஏ.சி. பிளாக்கை காட்டுவாங்க, சரி சரின்னு தலையாட்டிட்டு காலைல ஆறு மணிக்கு மறுபடி ஒரு தடவை யாருக்கும் சொல்லாம போய் கிரவுண்டுல யார் நிக்கிறாங்கன்னு பாருங்க.

உள்ள என்னதான் படிப்பாங்க? காலைல அஞ்சரைக்கு எழுந்து வெள்ளை பனியன் வெள்ளை கேன்வாஸ் போட்டு ஆறு மணிக்கு அட்டென்டன்ஸ், எட்டு வரைக்கும் பிராக்டிகல், குளிச்சு சாப்பிட்டு பத்து மணிக்கு தியரி, நாலு மணிக்கு மறுபடி கிரவுண்டு. தியரில தூங்காதவன் பி.பி.எட் படிச்சவனே இல்ல. முதல் செமஸ்டர்லயே அனாட்டமி பிசியாலஜி வந்து நிக்கும், எலும்பு பேரு தசை பேரு, இதயம் எப்படி துடிக்குது, ஓடும்போது ஏன் மூச்சு வாங்குது. அப்புறம் உடற்கல்வியோட வரலாறு, சுகாதாரக் கல்வி, யோகா, நிர்வாகம், விளையாட்டு உளவியல், பயிற்சி முறைகள், டெஸ்ட் அண்ட் மெஷர்மென்ட், கடைசில பசங்களை அழ வைக்கிற கினிசியாலஜி, பயோமெக்கானிக்ஸ், அதாவது உடம்பு அசையுறதோட அறிவியல். படிப்பு ஏறலன்னு இங்க அனுப்புறவங்க ஒரு தடவை அந்த பயோமெக்கானிக்ஸ் புக்கை பிரிச்சு பாக்கணும், பிளஸ் டூ பிசிக்ஸ் அப்படியே திரும்ப வந்து நிக்கும், ஷாட்புட் எந்த கோணத்துல விடணும், அது ஏன் 45 டிகிரிக்கு கீழன்னு. குண்டு கையை விட்டு கிளம்புற இடம் தரையில இருந்து உயரத்துல இருக்கு, அதோட கோணம் கூட கூட தள்ளுற வேகமும் குறையும், அதனாலன்னு எழுதணும்.

டிராக் மார்க்கிங் ஒண்ணு போதும் இந்தப் படிப்பு எவ்ளோ ஆழம்னு காட்டுறதுக்கு. 400 மீட்டர் டிராக்னா ரெண்டு நேர்கோடு ரெண்டு வளைவு. நேர்கோடு ஒண்ணு 84.39 மீட்டர், வளைவோட ஆரம் 36.50. ஆனா ஓடுறவன் உள் விளிம்பு மேலயே ஓட மாட்டான், 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுவான்னு வெச்சு 36.80ல கணக்கு போட்டா ரெண்டு வளைவும் சேந்து 231.22, ரெண்டு நேர்கோடு 168.78, கூட்டினா சரியா 400. லேன் அகலம் 1.22. ரெண்டாவது லேன்ல ஓடுறவன் அதிக தூரம் ஓடுவான் இல்லையா, அதுக்கு அவனை எவ்ளோ முன்னாடி நிறுத்தணும்? 7.04 மீட்டர். மூணாவது லேனுக்கு அதுக்கு மேல 7.67, அதுக்கப்புறம் ஒவ்வொரு லேனுக்கும் அதே 7.67. ஏன் முதல் தடவை மட்டும் கம்மின்னா, ரெண்டாவது லேன்ல இருந்து கோட்டுக்கு 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் அளக்கணும், முதல் லேன்லதான் 30. இந்த 10 சென்டிமீட்டர் வித்தியாசத்தை மறந்துட்டு ஸ்போர்ட்ஸ் டேக்கு கோடு போடுற ஸ்கூல்கள் நான் பாத்திருக்கேன், பாவம் வெளி லேன்ல ஓடுற பையனுக்கு அநியாயமா ரெண்டு அடி லாபமோ நஷ்டமோ. சுண்ணாம்பு மூட்டை, டேப்பு, கயிறு, ஆணி, மண்டைய பொளக்குற வெயில், இதுல நின்னு சுத்து வட்டாரத்துக்கே கோடு போட்டவன்தான் பி.பி.எட் முடிச்சவன்.

சுகாதாரம்ங்கிற பாதிதான் பேர்ல இருக்கு, பேச்சுல இல்ல. கோர்ஸ் பேரை சொல்லும்போது "ஹெல்த்" அப்படின்னு வர்றதை எல்லாரும் விட்டுட்டு மீதியை மட்டும் சொல்றோம். ஸ்கூல்ல நாள் பூரா பசங்க உடம்பை பாத்துக்கிட்டே இருக்க ஒரே ஆளு பி.டி. சார்தான், கணக்கு வாத்தியாருக்கு பசங்க தலைதான் தெரியும். பிரேயர்ல பொத்துன்னு விழுற புள்ளையை முதல்ல தூக்குறது யாரு? அது காலைல சாப்பிடாம வந்திருக்கா, ரத்தசோகையா, வேற ஏதாவதான்னு ஒரு சந்தேகம் வரணும்ல. 2022 செப்டம்பர்ல முதலமைச்சர் காலை உணவுத் திட்டம் ஆரம்பிச்ச பிறகு தொடக்கப்பள்ளிகள்ல இந்த பிரச்சினை எவ்ளோ லேசாச்சுன்னு அங்க இருக்க டீச்சர்ங்களைக் கேளுங்க, அது ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும்தான், ஆறாவது போன புள்ளைங்க பழையபடி வெறும் வயித்துல ஓட வருது. எட்டாவது படிக்கிற பொண்ணு பி.டி. பீரியட்ல ஓரமா உக்காந்தா ஏன்னு எல்லார் முன்னாடியும் கத்தி கேக்கக்கூடாதுங்கிறதும் பாடம்தான். சுளுக்குன்னா உடனே தேய்க்கக்கூடாது, ஐஸ் வைக்கணும், இதயம் நின்னு போனவனுக்கு நெஞ்சு அழுத்துறது நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, இதெல்லாம் பரீட்சைக்கு எழுதிட்டு மறந்துடுற விஷயம் இல்ல. தனியார் பல்கலைகள்ல இதுக்கு ஒரு பெரிய வசதி இருக்கு, நிறைய டீம்டுகளுக்கு சொந்த மெடிக்கல் காலேஜ், பிசியோதெரபி காலேஜ் இருக்கு, நடந்து போற தூரத்துல. அனாட்டமி லேபுக்கு பி.பி.எட் பசங்களை கூட்டிட்டு போறாங்களான்னு கேளுங்க. போறாங்கன்னா அந்த ஃபீஸ்ல ஒரு அர்த்தம் இருக்கு. படம் பாத்து தொடை எலும்பு படிக்கிறதுக்கும் கையில எடுத்து பாக்குறதுக்கும் இருக்க வித்தியாசம் எனக்கு எம்.பி.எட் வந்தப்புறம்தான் புரிஞ்சது.

டீச்சிங் பிராக்டிஸ்தான் அடுத்தது. பக்கத்து ஸ்கூலுக்கு அனுப்புவாங்க. லெசன் பிளான் எழுதி கையெழுத்து வாங்கணும், வார்ம் அப், முக்கியப் பயிற்சி, விளையாட்டு, கடைசில கலைஞ்சு போறதுன்னு நிமிஷக் கணக்கு. முதல் நாள் அறுபது பசங்க முன்னாடி நின்னு "அட்டென்ஷன்"னு சொன்னப்ப என் குரல் எனக்கே கேக்கல. கமாண்டுக்கு ரெண்டு பாதி, என்ன பண்ணப்போறோம்னு சொல்றது ஒண்ணு, பண்ணுன்னு வெடிக்கிறது ஒண்ணு, நடுவுல ஒரு இடைவெளி விடணும், அந்த இடைவெளியிலதான் பசங்க உங்களை எடை போடுவாங்க. சொந்தமா ஸ்கூல் வெச்சிருக்க தனியார் டிரஸ்டுகள் இந்த பசங்களை தங்க ஸ்கூலுக்கே அனுப்பிடும், சம்பளம் இல்லாத பி.டி. சார் கிடைச்ச மாதிரி ஆச்சு. அதுலயும் கத்துக்கலாம் தான், ஆனா எல்லா வசதியும் இருக்க இன்டர்நேஷனல் ஸ்கூல்ல பிராக்டிஸ் பண்ணிட்டு வர்றவனுக்கு நாலு பந்து, நூத்தம்பது பசங்க, ஒரு புளியமரம்னு இருக்க கவர்மென்ட் ஸ்கூல்ல என்ன பண்றதுன்னு தெரியாது.

வேலை. இங்கதான் எல்லாரும் வந்து நிப்பாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல அட்டவணைல ஒரு வரி இருக்கு, ஆறுல இருந்து எட்டு வரைக்கும் உள்ள வகுப்புகள்ல நூறு பேருக்கு மேல இருந்தா கலைக்கல்வி, சுகாதாரம் மற்றும் உடற்கல்வி, தொழிற்கல்விக்கு "பகுதிநேர" பயிற்றுநர் வேணும்னு. அந்த பகுதிநேரங்கிற ஒரு வார்த்தை எத்தனை பேர் வாழ்க்கையை தின்னுச்சு தெரியுமா. 2012ல தமிழ்நாட்டுல 16,549 பேரை அப்படி எடுத்தாங்க, உடற்கல்வி ஓவியம் தையல் எல்லாம் சேத்து, மாசம் 5,000 ரூபா, வாரத்துக்கு மூணு அரை நாள். போராடி போராடி 2021ல 10,000 ஆச்சு, அப்புறம் 12,500. பணி நிரந்தரம் கேட்டு சென்னையில பள்ளிக்கல்வித் துறை ஆபீஸ் இருக்க டி.பி.ஐ. வளாகத்துல உக்காந்த கூட்டத்துல என் சீனியர்ஸ் இருந்தாங்க. நிரந்தர வேலைன்னா டி.ஆர்.பி., அதாவது ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாதான், 2017ல சிறப்பாசிரியர் 1,325 பேருக்கு அறிவிப்பு வந்தது, அதுக்கு அப்புறம் கேஸ், லிஸ்ட், மறுபடி லிஸ்ட்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. மேல்நிலைப் பள்ளிக்கு உடற்கல்வி இயக்குநர் கிரேடு ஒண்ணுன்னு ஒரு போஸ்ட் இருக்கு, அது முதுகலை ஆசிரியர் தேர்வோட சேந்து வரும். நீங்க டீம்டுல படிச்சீங்களா இணைப்புக் கல்லூரியில படிச்சீங்களாங்கிறதை யாரும் கேக்க மாட்டாங்க, என்.சி.டி.இ. அனுமதி அந்த வருஷம் அந்த கோர்ஸுக்கு இருந்துச்சாங்கிறதை மட்டும் கேப்பாங்க. யு.ஜி.சி. அனுமதி இருக்கு, நாக்னு தரம் பாக்குற அமைப்போட ஏ பிளஸ் இருக்குன்னு எதை காட்டினாலும் இதுக்கு பதில் ஆகாது, அனுமதி ஆர்டரோட காப்பியை கையில வாங்கி படிங்க, எத்தனை சீட்டுன்னும் அதுலயே இருக்கும்.

பிரைவேட் ஸ்கூல்லதான் இப்ப உண்மையான டிமாண்ட். 2018ல சி.பி.எஸ்.இ. ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஹெல்த் அண்ட் பிசிகல் எஜுகேஷனை கட்டாயமாக்குன பிறகு தினம் ஒரு பீரியட் காட்டணும்ங்கிறதால ஆள் தேடுறாங்க, பிளஸ் ஒன் பிளஸ் டூல அது பரீட்சை எழுதுற பாடமாவும் இருக்கு, அப்ப பயோமெக்கானிக்ஸை கிளாஸ்ரூம்ல போர்டுல எழுதி நடத்துற ஆளு வேணும், விசில் மட்டும் பத்தாது. பஸ் டியூட்டி, டிசிப்ளின் டியூட்டி, அட்மிஷன் சீசன்ல வீடு வீடா நோட்டீஸ், இதெல்லாமும் நம்ம தலையிலதான் விழும், சேரும்போதே தெரிஞ்சுக்கோங்க. கோச் ஆகணும்னா இது வேற பாதை, 1961ல இருந்து பட்டியாலால நடக்குற என்.ஐ.எஸ். டிப்ளமோ மாதிரி ஏதாவது வேணும். பிசியோவும் வேற, அதுக்கு பி.பி.டி.ன்னு பிசியோதெரபி டிகிரி.

காலேஜ் போகணும்னா எம்.பி.எட்ல 55 சதவீதம், நெட் இல்லன்னா செட்னு காலேஜ் வாத்தியாருக்கான தகுதித் தேர்வு, அதுக்கப்புறம் ஒரு வேடிக்கை இருக்கு. யு.ஜி.சி. 2018 விதிப்படி காலேஜ் பிசிகல் டைரக்டர் ஆகுறதுக்கு ஓடிக் காட்டணும். ஆம்பளைங்கன்னா 12 நிமிஷ ஓட்டம், 30 வயசுக்குள்ள 1,800 மீட்டர், 40 வரைக்கும் 1,500, 45 வரைக்கும் 1,200, 50 வரைக்கும் 800. பொம்பளைங்களுக்கு 8 நிமிஷம், 30க்குள்ள 1,000 மீட்டர், 40 வரைக்கும் 800. வேற எந்த அசிஸ்டென்ட் புரொபசருக்கும் இப்படி ஒரு டெஸ்ட் கிடையாது, இங்கிலீஷ் புரொபசரை யாரும் ஓட சொல்றதில்ல. பி.எச்டி. எழுதி எழுதி தொப்பை போட்டுட்டு இந்த 1,500 மீட்டர்ல மூச்சு வாங்கி நின்ன ஒருத்தரை எனக்கு தெரியும்.

அந்த அக்கா பையன் விஷயம் என்ன ஆச்சுன்னா, அவனை ஒரு ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு வர சொன்னேன். பந்து எடுத்துட்டு வந்தான். பந்தை வெச்சிட்டு வா, இந்தா கயிறு, இந்தா டேப்பு, சுண்ணாம்பு, ஒரு வாலிபால் கோர்ட் போடுன்னேன். ஏழு வருஷமா ஆடுறவன், 18க்கு 9னு டக்குன்னு சொன்னான், போட ஆரம்பிச்சான். மூலை கோணலா வந்துச்சு. அழிச்சிட்டு மறுபடி போட்டான், மறுபடி கோணல். ஒரு பக்கத்து கோர்ட் 9க்கு 9 சதுரம், குறுக்கால எவ்ளோ வரணும்னு கேட்டேன், முழிச்சான். 12.73, ரெண்டு குறுக்கும் அதே வந்தா மூலை நேரா இருக்குன்னு அர்த்தம், ஒன்பதாவதுல படிச்ச பித்தாகரஸ்டா அது. மணலை குச்சியால கிளறி கணக்கு போட்டு பாத்துட்டு, மூணாவது தடவை கயிறை இழுத்தான். அவங்க அம்மாகிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. மூணு வருஷ டிகிரி முதல்ல எங்கயாவது பக்கத்து காலேஜ்ல முடிக்கட்டும், ஃபீஸ் கம்மி, பி.பி.எட் எங்கங்கிறதை அப்ப பாத்துக்கலாம்.